எப்சிபா டீச்சர் கேட்ட கிண்ணம்

வாங்கம்மா, வாங்க. செருப்பு கெடக்கட்டும், போட்டுக்கிட்டே உள்ள வாங்க. இந்த வெயில்ல முற்றம் பாதத்தைப் பொசுக்கிரும். பிஷப்பையாவோட திருமண்டல ஆபீஸ்லருந்துதான வாறீங்க? தூரத்துல பாத்ததுமே நினைச்சேன். தோள்ல பை, கையில ஃபைலு, பஸ்ல நசுங்கி வந்த சேலை. எங்க பாதிரி ஐயர் வீட்டுக்குப் போற ஆளுன்னா கார்ல வந்திருப்பாங்க. உக்காருங்க, ஃபேனைப் போடுதேன்.

ஈஸ்டர் முடிஞ்சதுலருந்து இந்த வாசலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். மனு போட்டேன், ஒரு பதில் கிடையாது. கடைசியில ஆளே வந்தாச்சு, அதுவும் பொம்பளை ஆளு. வக்கீலா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்படிப் பிள்ளைக வந்து நிக்கணும்னுதான் நான் காலமெல்லாம் பள்ளிக்கூடத்துல தொண்டை கிழியக் கத்துனேன்.

என்ன சொல்லுதீங்க? பாக்கியசீலி புகாரா? ஆமா, அதுவும் இருக்கு. சொல்லுதேன், அதையும் சொல்லுதேன். எல்லாம் ஒரே கயித்துல கட்டுன விஷயந்தான். ஆனா முதல்லருந்து வந்தாத்தான் இங்க நடக்குற அசிங்கம் உங்களுக்குப் புரியும். அசிங்கம்னுதான் சொல்லுவேன். வேற நல்ல வார்த்தை தேடிப் பாத்தேன், கிடைக்கல.

உங்க சபையில எப்படியோ, எங்க கோயில்ல பீடத்துக்கு முன்னால ஒரு மரக் கிராதி உண்டு. நற்கருணை அன்னைக்கு ஜனங்க அதுக்கு வெளிய முழங்கால் போடுவாங்க. ஐயர் உள்ள நின்னு அப்பம் குடுப்பாரு. அவரு பின்னாலயே ஒருத்தர் திராட்சரசக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு. அந்த ஒருத்தர் ஐயரா இருக்கணும்னு இல்ல. சபையில நல்ல பேர் உள்ளவரா இருந்தா போதும். எங்க கோயில்ல அந்த நல்ல பேர் உள்ளவரு யாரு தெரியுமா? சாலமோன் அண்ணாச்சி. சிமெண்ட் கடைக்காரரு. சனிக்கிழமை சாயங்காலம் அவரு பக்கத்துல போனா என்ன வாடை அடிக்கும்னு ஊருக்கே தெரியும். மறுநாள் காலையில அந்தக் கையில கிண்ணம். நடுக்கம் வேற. ஒரு தடவை என் வெள்ளைச் சேலையில சிந்திட்டாரு. சிந்திட்டுச் சிரிக்காரும்மா. சீ, இப்ப நினைச்சாலும் மேலெல்லாம் கூசுது.

ஏன், பொம்பளைக பிடிச்சா என்ன? நான் கேட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர் நான். சபைக் கமிட்டியில எனக்கு ஒரு நாற்காலி உண்டு, கதவு ஓரமா. வருசக்கணக்கா அதுல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். கிராதிக்கு உள்ள பொம்பளை போகக் கூடாதான்னா, போகலாம். சனிக்கிழமை சனிக்கிழமை போகலாம். கூட்டலாம், துடைக்கலாம், பித்தளை விளக்கைத் தேய்க்கலாம், பீடத்து விரிப்பு மாத்தலாம். "முட்டங்கால் போட்டுத் தரையைத் துடைக்கிற வரைக்கும் பொம்பளைகிட்ட பரிசுத்தம் இருக்கு, எந்திச்சு நின்னதும் அது எங்க ஐயா போயிருது?"ன்னு கமிட்டியில வச்சே கேட்டேன். இதே வார்த்தையில கேட்டேன்.

அதுக்கு சாலமோன் அண்ணாச்சி என்ன சொன்னாரு தெரியுமா? தொண்டையைச் செருமிக்கிட்டு, "டீச்சர், தப்பா நினைக்கப்புடாது. பொம்பளைகளுக்கு மாசாமாசம் ஒரு இது உண்டுல்லா"ன்னாரு. இதுவாம், இது! அத்தனை ஆம்பளைகளும் ஃபேனை அண்ணாந்து பாக்காங்க. ஒருத்தராவது "வாயை மூடும்"னு சொல்லல. எனக்கு அறுபத்தோரு வயசும்மா. "அண்ணாச்சி, எனக்கு அது நின்னு, பேத்தியும் பொறந்தாச்சு"ன்னேன். சிரிக்காங்க. வெக்கங்கெட்ட ஜென்மங்க. நான் விடல. "பன்னெண்டு வருசம் ரத்தப்போக்கோட கெடந்தவ கூட்டத்துக்குள்ள புகுந்து கர்த்தரோட வஸ்திரத்தைத் தொட்டாளே, அவரு சீன்னு உதறினாரா? மகளேன்னுல்லா கூப்பிட்டாரு"ன்னேன்.  அதுக்குள்ள டீயும் உளுந்த வடையும் வந்துட்டு. வேதத்தை மூடி வச்சுட்டு வடையைப் பிச்சுத் திங்காங்க.  வெளிய போய்க் குழாயில மூஞ்சியைக் கழுவிட்டு வந்தேன்.

வயசுப் பிள்ளைக கிண்ணம் பிடிக்கணும்னு நான் சொல்லல, கேட்டுக்கிடுங்க. அவங்களுக்கு அது ஒத்துவராது, அண்ணாச்சி சொன்னதுல அந்த மட்டும் ஒரு நியாயம் உண்டு. முதல்ல மூத்தவங்க போகட்டும். மத்தவங்களுக்குப் பிறகு மெல்ல வரும்.

பாக்கியசீலியா? வாறேன். அவ கோயில் கூட்டுற பிள்ளை. கீழத் தெரு. புருஷன் லாரியில போனவன், திரும்பி வரல. விபத்து. ஒரு பொம்பளைப் பிள்ளை, ஏழாப்பு படிக்கு. நான்தான் கமிட்டியில பேசி அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் குடுத்தேன். "கீழத் தெரு ஆளைப் பீடத்துக்கு உள்ள விடணுமா"ன்னு ரெண்டு பேரு இழுத்தாங்க. "கிறிஸ்துவுக்குள்ள மேலத் தெரு ஏது, கீழத் தெரு ஏது"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன், அடங்கிட்டாங்க. என் வீட்டுலயும் அப்படியெல்லாம் வித்தியாசம் கிடையாது. வந்தா காப்பி குடுப்பேன். அவ டம்ளர் அவளுக்குன்னு கொல்லை மாடத்துல இருக்கும், அவளே எடுத்துக் கழுவிக்கிடுவா. அவளுக்கும் அதுதான் வசதி.

நல்லா வேலை செய்வா. விளக்கு முகம் பாக்குற மாதிரி இருக்கும். அவ தேய்க்கிற அன்னைக்கு எனக்குப் போய்ப் பாக்கணும்னு இருக்கும். அந்தக் கிண்ணம் இருக்கே, வெள்ளிக் கிண்ணம், அதைச் சாம்பல் போட்டு விளக்கி வெயில்ல கவுத்தி வைப்பா. அவ அதை எத்தனை தடவை கையில எடுத்திருப்பா! நான் ஒரு தடவை தொட்டதில்ல. அதை நினைச்சா எனக்கு எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வாறேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு, லெந்து காலம் தொடங்கி ஒண்ணு ரெண்டு வாரம் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம். கொல்லைப் பக்கமா வந்து துவைக்கிற கல்லு மேல உக்காந்துட்டா.  ரவிக்கைக் கை தோள்லருந்து கிழிஞ்சு தொங்குது. "என்ன பிள்ள, எங்கயும் விழுந்தியா?"ன்னேன். தலையை ஆட்டுதா. பிறகு சொன்னா. உபதேசியார் தேவதிரவியம், எங்க சபை ஊழியரு, பீடத்து விரிப்பு எடுத்துத் தாரேன்னு வெஸ்டரி அறைக்குள்ள கூப்பிட்டிருக்காரு. உள்ள போனதும் கதவைச் சாத்திட்டாரு. இவ தள்ளிட்டு ஓடி வந்துட்டா.

தேவதிரவியம்! பிரசங்கம் பண்ணும்போது கண்ணை மூடிக்கிட்டு உருகுவானே, அந்த ஆளு. ஐயரோட அங்கி தொங்குற அறை அது. காணிக்கைப் பெட்டியும் வேதபுஸ்தகமும் இருக்குற அறை. அங்க வச்சு. தூ! மனுஷனா அவன்? அன்னைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கல. நீங்க ஃபைல்ல எழுதிக்கிடுங்க, எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல.

நான் அவளை விரட்டிடல. எத்தனை பேரு விரட்டியிருப்பாங்க தெரியுமா? "நீ ஏன் தனியா உள்ள போன?"ன்னு கேட்டிருப்பாங்க. நான் கேக்கல. என் பழைய ரவிக்கை ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். தண்ணி குடுத்தேன். "அழாத, ஜெபம் பண்ணுவோம்"னு முழங்கால் போட்டேன். அவ கல்லு மேலயே உக்காந்திருந்தா. "போலீசுக்குப் போகட்டுமா டீச்சர்?"ன்னு கேட்டா.

அங்கதாம்மா ஒரு தலைவின்னு இருந்தா யோசிக்கணும். நான் கிண்ணம் கேட்டுப் போராடிக்கிட்டு இருக்கேன். இந்த நேரம் பாத்துக் கோயிலுக்குள்ள இப்படின்னு வெளிய போனா அந்த ஆம்பளைக என்ன சொல்லுவாங்க? "பாத்தியா, பொம்பளைகளைக் கிராதிக்கு உள்ள விட்டதுக்கு வந்த வினை"ன்னு சொல்லுவாங்க. அப்புறம் கிண்ணமாவது ஒண்ணாவது, விளக்குமாறு கூட நம்ம கைக்கு வராது. ஒருத்தி விஷயத்துக்காக எல்லாப் பொம்பளைக விஷயமும் கெட்டுப்போகலாமா? "பொறு பிள்ள. ஈஸ்டர் வரைக்கும் பொறு. நான் பேசுதேன்"னேன். சரின்னுட்டா. நான் சொன்னா கேப்பா.

பேசாம இருந்தேன்னு நினைக்காதீங்க. அன்னைக்கு வெயில் தாழ்ந்ததும் நேரா ஐயர் வீட்டுக்குப் போனேன். போட்டேன் ஒரு சத்தம். "ஐயா, உங்க அங்கி தொங்குற அறையில உங்க ஊழியன் என்ன பண்ணுதான் தெரியுமா?"ன்னேன். ஐயர் முகம் வெளுத்துட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டாரு. நான் போனா எந்திக்கக்கூட மாட்டாரு, அன்னைக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டாரு. "டீச்சர், நான் கண்டிக்கேன், கண்டிப்பாக் கண்டிக்கேன். ஆனா திருமண்டலத் தேர்தல் வருது. இது வெளிய போனா சபை ரெண்டாயிரும். அந்தப் பிள்ளை நீங்க சொன்னாக் கேக்கும். நீங்கதான் நம்ம பெண்களுக்குத் தலைவி"ன்னாரு. அதோட விடல, "உங்க கிண்ண விஷயத்தையும் நான் ஜெபத்துல வச்சிருந்தேன். இந்த ஈஸ்டருக்கு நீங்களே பிடிங்களேன்"ன்னாரு.

நான் அதைக் கேக்கவே இல்லம்மா. அது முக்கியம், எழுதிக்கிடுங்க. அவரா வாயைத் திறந்து சொன்னாரு. இத்தனை வருச ஜெபம்! எனக்கு அழுகையே வந்துட்டு. கர்த்தர் எந்த வழியா எதைத் தருவாருன்னு யாருக்குத் தெரியும்?

பாக்கியசீலிகிட்ட மறுநாளே சொல்லிட்டேன். "ஐயர் கண்டிச்சுட்டாரு, வேலையை விட்டுறாத, பிள்ளை படிப்பு இருக்கு. நீ கூட்டுற நேரம் நான் வந்து கோயில்ல உக்காருதேன். நான் இருக்கும்போது எவன் கிட்ட வருவான்?"ன்னேன். சொன்ன மாதிரிப் போனேன். அவ விளக்குத் தேய்ப்பா, நான் முன் பெஞ்சுல உக்காந்து ஜெபப்புஸ்தகம் வாசிச்சுக்கிட்டு இருப்பேன். அவனும் ரெண்டு தடவை எட்டிப் பாத்துட்டு, என்னைக் கண்டதும் "ஸ்தோத்திரம் டீச்சர்"னுட்டுப் போயிட்டான். அவன் கும்பிட்ட கையைப் பாத்தாலே எனக்கு அருவருப்பா இருக்கும்.

வீட்டுல நான் எப்படி ஆயத்தமானேன் தெரியுமா? ஒரு வெள்ளைச் சேலை எடுத்தேன், கரை மெலிசா. பூஜாடி ஒண்ணுல கருப்பட்டித் தண்ணியை ஊத்தி, கண்ணாடி முன்னால நின்னு சாய்ச்சுச் சாய்ச்சுப் பழகுனேன். ஒவ்வொருத்தர் குடிச்சதும் விளிம்பைத் துணியால துடைச்சு, கிண்ணத்தை ஒரு பக்கம் திருப்பணும். சாலமோன் அண்ணாச்சி துடைக்கவே மாட்டாரு, எல்லார் எச்சியும் எல்லாருக்கும். நான் துடைச்சேன். கண்ணாடிக்குள்ள நிக்கவ முகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சும்மா. பள்ளிக்கூடத்துல எச்.எம். ஆன அன்னைக்குக்கூட அப்படி இல்ல.

அப்புறம் ஈஸ்டர். அதைக் கேளுங்க, அதுதான் கூத்து. விடியக்காலை ஆராதனை. கோயில் முழுக்க மெழுகுவத்தி. என் மகளும் பேத்தியும் மதுரையிலருந்து இதுக்குன்னே வந்திருக்காங்க. நான் முன் பெஞ்சு. நற்கருணை நேரம் வந்ததும் எந்திச்சேன். எந்திச்சுக் கிராதிப் பக்கம் ரெண்டு எட்டு வச்சிருப்பேன். உள்ள, பீடத்துப் பக்கத்துல, ஐயரம்மா நிக்கா! பட்டுச் சேலையில, தலையில முக்காடு போட்டு, கையில கிண்ணம்!

நான் அப்படியே நின்னுட்டேன். பின்னால இருக்கவங்கெல்லாம் பாக்காங்க. ஐயர் என்னைப் பாத்து லேசாத் தலையை ஆட்டுதாரு, உக்காருங்கன்னு. உக்காரவா? எங்க உக்கார? வேற வழியில்லாம அங்கேயே முழங்கால் போட்டுட்டேன். கிண்ணம் வருது. என் முன்னால அவ வந்து நிக்கா. நகத்துல சாயம். விளிம்பைத் துடைக்கல, கிண்ணத்தைத் திருப்பவும் இல்ல. ஒண்ணும் தெரியாது அவளுக்கு, ஒரு நாள் பழகுனவ கிடையாது. நான் வாயைத் திறக்கல. உதட்டை இறுக்க மூடிக்கிட்டேன். அவ சாய்க்கா, நான் மூடிக்கிட்டு இருக்கேன். என் தாடையில வழிஞ்சு புதுச் சேலையில விழுந்துட்டு. எந்திச்சு வந்துட்டேன். ஈஸ்டர் அன்னைக்கு நற்கருணை வாங்காம வந்தவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்.

பிறகு போய்க் கேட்டதுக்கு ஐயர் என்ன சொன்னாரு? "பெண்கள் கையில கிண்ணம் குடுக்கணும்னுதான டீச்சர் கேட்டீங்க? குடுத்தாச்சே"ன்னாரு. எப்படி இருக்கு பாருங்க! கமிட்டி ஐயரம்மான்னா சம்மதிச்சுதாம், என்னைன்னா சம்மதிக்கலையாம். வாக்குக் குடுத்தது யாரு? வேதத்தைத் தொடுற வாயால குடுத்த வாக்கு! நான் என் பங்கை ஒழுங்காச் செஞ்சேன். ஈஸ்டர் வரைக்கும் ஒரு வார்த்தை வெளிய போகாமப் பாத்துக்கிட்டேன். அவரு ஏமாத்திட்டாரு. இந்த ஆம்பளைகளை நம்பி ஒரு பொம்பளை எதையாவது விட்டுக் குடுத்தா இதுதாம்மா கதி. இந்த அநியாயத்துக்குத்தான் மனு போட்டேன். கர்த்தரோட கல்லறைக்கு முதமுதல்ல போனது யாரு, பொம்பளைகதான? அதையும் மனுவுல எழுதியிருக்கேன், வாசிச்சீங்களா?

வாசிக்கலையா?

அப்போ நீங்க என் மனுவுக்கு வரல. பாக்கியசீலி புகாருக்கு மட்டுந்தான் வந்திருக்கீங்க. என் மனு எங்க இருக்குன்னே தெரியாதா? நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. அவ என் பின்னாலதான் மனு போட்டா. அவளுக்கு ஆளு வருது, வக்கீலு வருது. வருசக்கணக்காப் பாடுபட்ட எனக்கு ஒண்ணுமில்ல. ஆபீஸ்லயும் இதே லெட்சணந்தானா?

கேளுங்க, கேளுங்க, என்ன கேக்கணும்?

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின சனிக்கிழமையா? அன்னைக்கு நான் கோயிலுக்குப் போகல. ஆமா, வாறேன்னு அவகிட்ட சொல்லித்தான் இருந்தேன். கிளம்பும்போது ஐயர் ஆளு விட்டாரு. கிண்ணம் எப்படிப் பிடிக்கணும், எந்த வார்த்தை சொல்லணும்னு சொல்லித் தாரேன், இப்பவே வாங்கன்னு. போகாம இருக்க முடியுமா? அதுக்காகத்தான இத்தனை பாடும்? அவ கூட்டி முடிக்கிறதுக்குள்ள ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம்னு நினைச்சேன்.

ஐயர் வீடு கோயில் காம்பவுண்டுக்குள்ளதான். வெஸ்டரிச் சன்னலுக்கு எதிர்த்தாப்புல அவரு முன்னறை. நடுவுல ஒரு வேப்பமரம், அவ்வளவுதான் தூரம். அவரு ஒரு டம்ளரைக் கையில குடுத்து, "இதைக் கிண்ணம்னு நினைச்சுக்கிடுங்க"ன்னாரு. நான் பிடிச்சேன். "ரெண்டு கையாலயும் டீச்சர், கொஞ்சம் தாழ்த்தி"ன்னாரு.

சத்தமா? என்ன சத்தம்? ஆமா, ஏதோ விழுந்துச்சு. பித்தளைத் தாம்பாளமா இருக்கும். ஐயர் நிமிந்து சன்னலைப் பாத்தாரு. நானும் பாத்தேன். "காத்து"ன்னாரு. பாத்துட்டு, "எங்க விட்டோம்?"ன்னாரு. நான் அந்த வார்த்தையை முதல்லருந்து சொன்னேன். பாதியில மறந்துட்டேன், திரும்பச் சொன்னேன். காத்தா? நீங்க கேக்குறதைப் பாத்தா, அன்னைக்குக் காத்து ஒண்ணும் அடிச்ச மாதிரி இல்ல. பங்குனி வெயிலு, வேப்ப இலை ஒண்ணு அசையல.

நான் முடிச்சுட்டுப் போனப்ப கோயில் பூட்டிக் கெடந்துச்சு. வீட்டுக்குப் போயிருப்பான்னு நினைச்சேன். குருத்தோலை அன்னைக்கு அவளைக் காணல. பெரிய வெள்ளிக்கும் காணல. வேலைக்கு வரலன்னு கமிட்டி அவளை நீக்கிட்டாங்க. நீக்குனது தப்புன்னு நான் சொன்னேன். மனசுக்குள்ளயா? இல்லம்மா, என் மகள்கிட்ட வாய் விட்டே சொன்னேன். அவளைப் போய்ப் பாக்கணும்னுதான் இருந்தேன். ஈஸ்டர் வேலை, அப்புறம் அந்த அவமானம், எனக்கு யாரு முகத்துலயும் முழிக்கத் தோணல. ஆஸ்பத்திரியில கெடந்தாளா? அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே. நான் பட்ட பாட்டுல எனக்கு யாரு வந்து சொல்ல?

சாட்சிக்கு என் பேரையா குடுத்திருக்கா?

என்னன்னு சொன்னா? "டீச்சர் ஐயர் வீட்டுல இருந்தாங்க, டீச்சருக்குக் கேட்டிருக்கும், டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்க"ன்னா? பாத்தீங்களா. நன்றி உள்ள பிள்ளை. எனக்கு அவமேல கோவமே கிடையாது. வேற யாரும் சாட்சி இல்லையா? ஐயர் ஒண்ணும் கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாரா? குடுப்பாரு. வாக்கைத் தின்ன மனுஷன் எதைத்தான் திங்கமாட்டாரு? அந்தத் தேவதிரவியம் இப்பவும் பிரசங்கம் பண்ணிக்கிட்டுத் திரியுதான். போன வாரம்கூடப் பண்ணுனான், பெண்களை மதிக்கணும்னு. 

நான் சொல்லலைன்னா புகார் நிக்காதா? அவ சொல்லு ஒண்ணு மட்டும்னா தள்ளிருவாங்களா? ம். அப்போ எல்லாம் என் கையிலதான் இருக்கு.

கொஞ்சம் இருங்க, யோசிச்சுக்கிடுதேன்.

நீங்க வக்கீலு. திருமண்டலத்துல உங்க பேச்சுக்கு மதிப்பு உண்டு. இல்லைன்னு சொல்லாதீங்க, உண்டு. உங்களை அனுப்பி வச்சிருக்காங்கள்லா? நீங்களும் பொம்பளை, நானும் பொம்பளை. ஒருத்திக்கு ஒருத்தி விட்டுக் குடுத்துதான் போகணும். அந்தப் பிள்ளைக்கு நியாயம் கிடைக்கணும்னு உங்களை விட எனக்குத்தான் துடிப்பு. ஆனா நான் இன்னொரு தடவை ஏமாற மாட்டேன். போன தடவை முதல்ல என் பங்கைக் குடுத்துட்டு ஏமாந்தேன். இந்தத் தடவை அவங்க பங்கு முதல்ல வரட்டும்.

ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் தப்பா ஒண்ணும் கேக்கல. எனக்குன்னா கேக்கேன்? எல்லாப் பொம்பளைகளுக்குந்தான். வாற மாசம் முதல் ஞாயிறு நற்கருணை உண்டு. கிராதிக்கு உள்ள நான் நிக்கணும், என் கையில கிண்ணம் இருக்கணும். பிஷப்பையாகிட்ட சொல்லி ஒரு ஓலை வாங்கிக் குடுங்க, ஐயரால மறுக்க முடியாது. அது நடந்துட்டுன்னா மறுநாளே உங்க விசாரணைக்கு வாறேன். எவனுக்கும் பயப்பட மாட்டேன். தாம்பாளம் விழுந்துச்சுன்னு மட்டுமில்ல, அது விழுமுன்னாலயும் விழுந்த பிறகும் அந்தப் பிள்ளை "டீச்சர், டீச்சர்"னு என்னைத்தான் கூப்பிட்டுச்சுன்னு சொல்லுதேன். நல்லாக் கேட்டுச்சு. நாங்க ரெண்டு பேருமே கேட்டோம்.

ஆனா கிண்ணம் வரட்டும். அதுக்கு முன்னால மாட்டேன்.